நூற்றுக்கு எத்தனை?





சென்ற மாதம் ஒரு வெள்ளியிரவு, மஃரிபுத் தொழுகைக்குப்பின் நமது வாராந்தரச் சொற்பொழிவு முடிந்து தேநீர் வழங்கிக்கொண்டிருந்தபோது, கல்லூரியில் பயிலும் ஓர் இளைஞர் நம்மிடம் வந்தார். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் சில வாரங்களாக வகுப்புக்கு ஒழுங்காகப் போவதில்லை என்று அவருடைய தகப்பனார் நம்மிடம் குறைப்பட்டிருந்தார். “ஹஜ்ரத், ஒரு கேள்வி. செயற்கை நுண்ணறிவு யந்திரங்களால் மனித இனம் அழிந்துபோவதற்கு நூற்றுக்கு எத்தனை பங்கு வாய்ப்பு இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார். நாம் சிரித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. “பத்து என்கிறார்கள், இருபது என்கிறார்கள். அப்படியிருக்க, நான் பட்டம் வாங்கி என்ன ஆகப்போகிறது?” என்றார்.

அன்றிரவு நமக்கு உறக்கம் சரியாக வரவில்லை. ஒரு பிள்ளை அச்சத்தோடு வந்து கேட்கும்போது சிரித்து அனுப்புவது, மார்க்கம் சொல்ல வந்தவனுக்கு அழகன்று. ஆகவே, இயன்றவரை படித்தும் விசாரித்தும் இங்கே விடை எழுதுகிறோம். அவருக்கு மட்டுமன்று, இதே கேள்வியை வாய்விட்டுக் கேளாமல் மனத்துக்குள் வைத்து மறுகும் பிள்ளைகளுக்கும், “அதெல்லாம் வெறும் கதை” என்று ஒதுக்கிவிடும் பெரியவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறோம்.

அறிஞர்கள் சொல்வது என்ன?

முதலில் அந்த யந்திரத்தின் தன்மையைச் சிறிது தெரிந்துகொள்வோம். நம் கடையில் கூட்டிக் கழிக்க வைத்திருக்கும் யந்திரம், செய்தவன் எழுதி வைத்ததை மட்டுமே செய்யும். இந்தப் புதிய யந்திரமோ, மனிதர் எழுதிய எண்ணற்ற பக்கங்களைத் தின்று, தானே பழகிக்கொள்ளும்படி விடப்பட்டது. அது ஏன் இந்த விடையைச் சொன்னது என்பதை, செய்தவர்களாலேயே முழுமையாக விளக்க முடிவதில்லை. 2016-ம் ஆண்டில் ஒரு சோதனை நடந்தது. படகுப் பந்தய விளையாட்டு ஒன்றை யந்திரம் தானே பழகிக்கொள்ளும்படி விட்டு, மதிப்பெண் சேர்ப்பதே அதன் குறி என்று வைத்தார்கள். படகு பந்தயத்தை முடிக்கவில்லை. ஒரு மூலையில் வட்டமடித்து, பிற படகுகளில் மோதி, தீப்பற்றி எரிந்துகொண்டே, பந்தயத்தை முடித்த மனிதர்களைவிட அதிக மதிப்பெண் சேர்த்தது! சொன்ன சொல்லைக் கேட்டது. சொன்னவனின் கருத்தைக் கேட்கவில்லை. விளையாட்டில் இது வேடிக்கை. ஆனால், மின்சாரத்தையும் மருந்தையும் போர்த் தளவாடத்தையும் ஆளும் அளவுக்கு இத்தகைய யந்திரம் வளர்ந்து, அப்போதும் இதே குணத்தோடு இருந்தால்? கெட்ட எண்ணம் கொண்டவன் கையில் அது கிடைத்துக் கொடிய நோய்க்கிருமி செய்யக் கற்றுக்கொண்டால்? இவையே அறிஞர்களின் கவலை.

இந்தக் கவலையை எண்ணாகச் சொல்ல அவர்கள் முயன்றிருக்கிறார்கள். 2023-ல் இத்துறை ஆய்வாளர்கள் 2,778 பேரிடம் ஒரு கருத்துக் கணிப்பு நடந்தது. மனித இனம் அழிவதோ, மீளமுடியாதபடி தன் நிலையை இழப்பதோ நேர நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று கேட்டார்கள். நடுவில் நின்ற விடை 5. அதாவது ஏறக்குறையப் பாதிப்பேர் அதற்குக் கீழே சொன்னார்கள். பாதிப்பேர் மேலே சொன்னார்கள். 2024-ல் பௌதிகத்துக்கான நோபெல் பரிசு பெற்ற ஜெஃப்ரி ஹிண்டன், அடுத்த முப்பதாண்டுகளுக்குள் நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது என்று அவ்வாண்டு டிசம்பரில் சொன்னார். இத்துறையின் பெருமைமிக்க 2018-ம் ஆண்டு டூரிங் பரிசை அவரோடு பகிர்ந்துகொண்டவர்கள் இருவர். அவர்களில் யோஷுவா பெஞ்சியோ ஹிண்டனைப் போலவே அஞ்சுகிறார். யான் லெகுனோ இந்த அச்சம் மிகையென்று மறுத்து வருகிறார். ஒரே பரிசை ஒன்றாகப் பெற்ற மூவருக்குள்ளேயே இந்த வேறுபாடு!

2022-ல் இன்னொரு முயற்சி. துறை வல்லுநர்களையும், வருவதை முன்கணிப்பதில் தேர்ச்சி பெற்றவர்கள் என்று சோதித்தறியப்பட்டவர்களையும் சேர்த்து, மாதக்கணக்கில் விவாதிக்க விட்டார்கள். இந்நூற்றாண்டின் முடிவுக்குள் இவ்யந்திரத்தால் மனித இனம் அழிய, வல்லுநர்களின் நடுவிடை நூற்றுக்கு 3. முன்கணிப்பாளர்களின் நடுவிடை 0.38 மட்டுமே. அத்தனை மாதம் பேசியும் இரு சாராரும் ஒருவர் பக்கம் ஒருவர் நெருங்கிவரவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். முன்சொன்ன 2023-ம் ஆண்டுக் கருத்துக் கணிப்பிலே, வேறு சிலரிடம் கேள்வியைச் சிறிது மாற்றி, “யந்திரத்தைக் கட்டுப்படுத்த மனிதனால் இயலாமற்போய் அழிவு வருமா?” என்று கேட்டபோது நடுவிடை 10 ஆயிற்று. பல வழிகளில் வரக்கூடிய அழிவுக்கு 5. அவற்றில் ஒரு வழிக்கு மட்டும் 10! முழுத் தேங்காயைவிட ஒரு மூடி பெரிதாக இருக்குமா? ஆகவே, இந்த எண்கள் தராசில் நிறுத்த எண்களல்ல. உள்ளத்தின் நடுக்கத்தை எண்ணாகப் பெயர்த்துச் சொன்னவையே. இதைத்தான் அந்த இளைஞர் முதலில் உணர வேண்டும்.

மதிப்பிடுவது மார்க்கத்துக்கு ஆகுமா?

“வரப்போவதை எண்ணிட்டுச் சொல்வது மறைவான ஞானத்தில் தலையிடுவதல்லவா? குறிகேட்பது போலல்லவா?” என்று ஒரு பெரியவர் நம்மிடம் கேட்டார். கியாமத் நாள் எப்போது என்பது அல்லாஹ் ஒருவனுக்கே தெரியும், இதில் ஐயமில்லை. ஆனால் நாம் பேசுவது கியாமத்தைப் பற்றியன்று. மனிதன் தன் கையாலே தேடிக்கொள்ளக்கூடிய ஒரு கேட்டைப் பற்றி. கேட்டின் அளவைக் கண்டறிந்து மதிப்பிடுவதை மார்க்கம் தடுக்கவில்லை. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

ஹிஜ்ரி 7-ல் கைபர் வெற்றிக்குப்பின், அங்கிருந்த பேரீச்சந் தோட்டங்களைப் பழைய தோட்டக்காரர்களே பாதி விளைச்சலுக்குப் பயிரிடுவதென்று உடன்பாடாயிற்று. காய் பறிக்குமுன் மரத்திலேயே பார்த்து, விளைச்சல் எவ்வளவு தேறும் என்று மதிப்பிட, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர் அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களை அனுப்பிவைத்தார்கள். மரத்தில் தொங்கும் காயை எண்ணிப்பார்க்க யாராலும் இயலாது. ஆயினும் அறிந்தவர் மதிப்பிடலாம். அப்படி மதிப்பிட்டுவரத் தூதரே ஆள் அனுப்பினார்கள் என்றால், அது குறிகேட்பது எங்ஙனம் ஆகும்?

அந்த மதிப்பீட்டில் நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. மதிப்பைக் குறைத்துச் சொல்லும்படி தோட்டக்காரர்கள் தம் வீட்டுப் பெண்களின் நகைகளைக் கொண்டுவந்து அவர்முன் வைத்தார்கள். அவர் தொட மறுத்துவிட்டார். லஞ்சம் ஹராம் என்று சொல்லிவிட்டார். இது முதற்பாடம். பிறகு, தாம் சொன்ன அளவின்படி அவர்கள் விளைச்சலை வைத்துக்கொண்டு முஸ்லிம்களின் பங்கைத் தரலாம். அல்லது தாமே விளைச்சலை எடுத்துக்கொண்டு அவர்களின் பங்கைத் தருவதாகவும் சொன்னார். எந்தப் பக்கம் நின்றாலும் தம் சொல்லுக்குத் தாமே கட்டுப்படுவேன் என்பது அதன் பொருள். இது இரண்டாம் பாடம். உலகில் மதிப்பிடுவோர் அனைவருக்கும் இந்த இரண்டும் உரைகல்.

எண்ணைச் சொல்பவர் யார்?

இந்த உரைகல்லில் அண்மைக்காலச் சரித்திரத்தை ஒருமுறை உரைத்துப் பார்ப்போம். 1986-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி, அமெரிக்காவின் சாலஞ்சர் விண்ஓடம் ஏவப்பட்ட எழுபத்துமூன்றாவது வினாடியில் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் மாண்டார்கள். விசாரணைக் குழுவில் இருந்த விஞ்ஞானி ரிச்சர்டு ஃபைன்மன் ஒரு விசித்திரத்தைக் கண்டார். ஓடம் அழியும் வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டால், கருவியோடு கை வைத்துப் பழகிய பொறியியலாளர்கள் நூற்றில் ஒன்று என்கிற அளவில் சொன்னார்கள். மேலே அமர்ந்திருந்த நிர்வாகிகளோ லட்சத்தில் ஒன்று என்றார்கள். லட்சத்தில் ஒன்று என்றால், நாள்தோறும் ஓர் ஓடம் வீதம் 270 ஆண்டுகள் ஏவினாலும் சராசரியாக ஒன்றே ஒன்றுதான் அழியும்! பின்னர் நடந்தது என்ன? 2011-ல் அந்தத் திட்டம் முடிவதற்குள் ஏவியவை 135, அழிந்தவை இரண்டு, போன உயிர்கள் பதினான்கு. தொட்டுப் பழகியவர்களின் சொல்தான் உண்மைக்கு அருகில் நின்றது.

இன்றைய யந்திர விஷயத்தில் நிலைமை இன்னும் சிக்கலானது. தொட்டுப் பழகியவர்களே லாபம் பெறுபவர்களாகவும் இருக்கிறார்கள். 2023 மே மாதத்தில் ஓர் ஒற்றை வாக்கிய அறிக்கை வெளியாயிற்று. இவ்யந்திரங்களால் மனித இனம் அழியும் அபாயத்தைத் தணிப்பது, கொள்ளைநோயையும் அணுப்போரையும் தடுப்பதற்கு நிகரான உலகக் கடமை என்பது அதன் கருத்து. அதில் ஹிண்டனும் பெஞ்சியோவும் மட்டுமா கையெழுத்திட்டார்கள்? யந்திரங்களைச் செய்து விற்கும் பெரிய நிறுவனங்களின் தலைவர்களும் கையெழுத்திட்டார்கள்! கையெழுத்திட்ட பிறகும் ஒருவரை ஒருவர் முந்தச் செய்யும் ஓட்டம் நிற்கவில்லை. பயம் காட்டி விற்கிறார்கள் என்று சொல்வாரும் உண்டு. உண்மையாகவே அஞ்சுகிறார்கள், ஆயினும் போட்டியில் நிற்க வழி தெரியவில்லை என்று சொல்வாரும் உண்டு. உள்ளங்களை அல்லாஹ் அறிவான். நாம் அறிவது ஒன்று: நகைப்பெட்டி முன்னால் திறந்திருக்கும்போது சொல்லப்படும் எண்ணை, கூட்டினாலும் சரி, குறைத்தாலும் சரி, அப்படியே வாங்கிக்கொள்ளக் கூடாது.

எண் சிறியதென்றால் உறங்கலாமா?

“அப்படியானால் எண்ணெல்லாம் பொய். நாம் நிம்மதியாக இருக்கலாம்” என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அறியாமை வேறு, பாதுகாப்பு வேறு. இருட்டில் பாம்பு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் அது இல்லையென்று ஆகிவிடாது.

நம் பாட்டனார்கள் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார்கள். “இந்தக் கப்பல் நூறு பயணத்தில் ஐந்தில் மூழ்கும்” என்று டிக்கட் கொடுப்பவர் சொல்லியிருந்தால், பெண்டு பிள்ளைகளை அதில் ஏற்றியிருப்பார்களா? ஐந்து வேண்டாம், ஒன்று என்றாலும் ஏற்றியிருப்பார்களா? நம் வீட்டுக் குழந்தைக்கு நாம் ஏற்காத கணக்கை, உலகின் எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்த்து எப்படி ஏற்பது?

இதை நாம் ஏட்டில் படித்து மட்டும் அறிந்தவர்களல்லர். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி நம் நினைவை விட்டு அகலாது. பசிபிக் கடலில் 1949-லிருந்தே ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்துமாக் கடலில் இல்லை. ஏன்? இங்கே அத்தகைய அலை மிக அபூர்வம் என்பதால். அன்று காலை சுமத்ராவுக்கருகில் பூமி அதிர்ந்து, நாகப்பட்டினக் கரையில் அலை ஏறுவதற்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகக் கழிந்தது. இரண்டு மணி நேரம்! ஒரு மணி அடித்திருந்தால், ஒரு குரல் கேட்டிருந்தால், எத்தனை பேர் மேட்டுக்கு ஓடியிருப்பார்கள்! அந்த ஒரு மாவட்டத்திலே ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். இங்கே பினாங்குக் கரையிலும் ஜனாஸா எடுத்தோம். பதினான்கு நாடுகளில் போன உயிர்கள் இரண்டு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். அதன் பிறகுதான் எச்சரிக்கை அமைப்பு உருவாயிற்று. அபூர்வம் என்பது வராது என்பதன்று. நேரம் இருந்தும் ஏற்பாடு இல்லாததே அன்று நம்மை வீழ்த்தியது.

விதியின்மேல் பழி போடலாமா?

“நடப்பது அல்லாஹ் விதித்தபடி நடக்கும், நாம் என்ன செய்ய?” என்று சொல்லும் பெரியவர்களே! இரவில் கடையை மூடும்போது இரண்டு பூட்டுப் போடுகிறீர்களே, அது எதற்கு?

கலீபா உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்தை நோக்கிச் சென்றபோது, ஸர்க் என்னுமிடத்தில், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதாகச் செய்தி கிடைத்தது. கலந்தாலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். அபூ உபைதா (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் விதியிலிருந்து தப்பி ஓடுவதா என்று கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே செல்கிறோம் என்பது கலீபாவின் விடை. ஒருபுறம் பசுமையும் மறுபுறம் வறட்சியுமான பள்ளத்தாக்கில், ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது விதிப்படியே நடக்கிறது. ஆயினும் அறிவுள்ள மேய்ப்பன் பசுமைப் பக்கமே ஓட்டுவான் என்று விளக்கினார்கள். உமர் (ரலி) அவர்களுக்கு நூற்றுக்கு எத்தனை என்ற எண் தெரியாது. வழியறிய எண் தேவைப்படவுமில்லை.

கீழ்த்தட்டில் துளை

கப்பலைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன உவமையொன்று உண்டு. கப்பலில் சிலர் மேல்தட்டிலும் சிலர் கீழ்த்தட்டிலும் இருந்தார்கள். கீழே இருந்தவர்கள் தண்ணீருக்காக அடிக்கடி மேலே போக வேண்டியிருந்தது. மேலுள்ளவர்களுக்குத் தொந்தரவு கொடுக்க வேண்டாமே, நம் பகுதியிலேயே ஒரு துளை போட்டுக்கொள்வோம் என்று நினைத்தார்கள். அவர்களை அப்படியே விட்டால் எல்லாரும் அழிவர். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லாரும் பிழைப்பர். கவனியுங்கள்: துளையிட்டவர்களுக்குக் கெட்ட எண்ணமில்லை; அவர்களுக்கு வேண்டியது தண்ணீர். இன்று யந்திரம் செய்பவர்களும் நோய்க்கு மருந்தும் பிள்ளைக்குக் கல்வியும் தருவோம் என்கிறார்கள்; தண்ணீர் உண்மையே. ஆனால் துளை போடும் இடம் அவர்களுடைய அறையானாலும், கப்பல் எல்லாருக்கும் பொது.

கையைப் பிடிக்கும் முயற்சிகள் இல்லாமலில்லை. 2023 நவம்பரில் இங்கிலாந்தின் பிளெட்ச்லியில் அமெரிக்காவும் சீனாவும் உட்பட 28 நாடுகள் கூடி அபாயத்தை ஒப்புக்கொண்டன. 2024 செப்டம்பரில் மலேசியா தன் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2025 ஏப்ரலில் சிங்கப்பூரில் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி, இத்துறைப் பாதுகாப்பில் முதலில் ஆராய வேண்டியவை எவை என்று வகுத்தார்கள். இவை நல்ல தொடக்கம். ஆனால் நெறி என்பது வேலியன்று. விரும்பினால் கடைப்பிடிக்கலாம் என்ற நிலையிலேயே பலவும் இருக்கின்றன. மீறினால் தட்டிக்கேட்கும் சட்டமும், வெளியார் வந்து சோதிக்கும் உரிமையும் வேண்டுமென்று கேட்பது மேல்தட்டிலிருக்கும் நம் அனைவரின் கடமை. நம் பிரதிநிதிகள் ஓட்டுக் கேட்டு வரும்போது பள்ளிவாசலுக்கு வண்ணம் அடித்துத் தரும்படி கேட்கிறோம். இதையும் சேர்த்துக் கேட்போமே!

என்ன தயாரித்து வைத்தாய்?

இனி அந்த இளைஞருக்கு வருவோம். ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து, கியாமத் நாள் எப்போது என்று கேட்டார். அதற்காக நீ என்ன தயாரித்து வைத்திருக்கிறாய் என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். கேட்டவரை அவர்கள் இகழவில்லை, சிரிக்கவுமில்லை. கேள்வியை மட்டும் திருத்திக் கொடுத்தார்கள். “எப்போது?” “எத்தனை?” என்பவை மனிதனை உட்கார வைக்கும் கேள்விகள். “என்ன தயாரித்தாய்?” என்பது எழுந்து நிற்க வைக்கும் கேள்வி. கையில் ஒரு கன்று இருக்கும்போது கியாமத்தே வந்துவிட்டாலும், நட முடிந்தால் நட்டுவிடும்படி சொன்ன மார்க்கம் நம்முடையது. கியாமத்துக்கே அப்படியென்றால், நூற்றுக்குப் பத்துக்கு என்ன சொல்வது!

தம்பி! நீங்கள் படிப்பை விட்டுவிட்டால் உலகின் அபாயம் நூற்றில் ஒரு பங்காவது குறையுமா? கூடத்தான் செய்யும். கணக்குத் தெரிந்த நேர்மையான பிள்ளைகள் ஒதுங்கிக்கொண்டால், பேரீச்ச மரத்தை மதிப்பிடும் வேலை யார் கையில் போய்ச் சேரும்? நகைப்பெட்டிக்குக் கை நீட்டுபவன் கையில்தானே! இந்தத் துறைக்குள் சென்று, யந்திரத்தைத் திறந்து பார்த்து, இது ஆபத்து என்றால் ஆபத்தென்றும், இல்லையென்றால் இல்லையென்றும் சம்பளம் கொடுப்பவன் முகம் பாராமல் சொல்ல ஆட்கள் வேண்டும். நம் சமுதாயத்திலிருந்தும் ஓர் இப்னு ரவாஹா புறப்படக் கூடாதா? அந்த அச்சம் உங்களுக்கு வந்ததே, அதை ஒரு அமானிதமாக எண்ணுங்கள். பாழாக்கிவிடாதீர்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பிள்ளை இத்தகைய கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். நம்மைப் போல் சிரித்தும்விடாதீர்கள். உட்கார வைத்துக் கேளுங்கள். நள்ளிரவில் கைப்பேசியைப் பார்த்து அஞ்சும் பிள்ளைக்கு, பகலில் பேச ஒரு மனிதர் வேண்டும்.

சென்ற வாரம் அந்த இளைஞரைக் கண்டு, அன்று சிரித்ததற்காக மன்னிப்புக் கேட்டோம். “சரி ஹஜ்ரத், உங்கள் எண் எத்தனை?” என்று மறுபடியும் கேட்டார். “பூஜ்யமில்லை என்பது மட்டும் உறுதி. பூஜ்யமில்லாத வரையில் நமக்கு வேலை இருக்கிறது” என்றோம். அடுத்த மாதக் கூட்டத்தில் இந்தக் கணக்கையெல்லாம் பெரியவர்களுக்குப் புரியும்படி அவரே எழுந்து விளக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவுமில்லை. அவர் வருவார் என்று நம்பி, நாற்காலிகளைப் போட்டு வைப்போம்.

வல்ல நாயன் நம் அறிவைப் பயன்தரும் அறிவாக ஆக்குவானாக! நம் கைகள் செய்தவற்றின் தீங்கிலிருந்து நம்மையும், நம் மக்களையும், எல்லா மனிதரையும் காப்பானாக! அச்சத்தில் முடங்காமலும் அலட்சியத்தில் உறங்காமலும் கடமை செய்யும் பேற்றைத் தந்தருள்வானாக! ஆமீன்! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!